கன்னியம்மா கேட்ட ஒரே சத்தம்

"சார், நீங்க சயின்ஸ் வாத்தியார்தானே?"

சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டபோது மதியம் இரண்டு மணி இருக்கும். பூவரச மரத்தடியில் சிமெண்ட் மூட்டைகளை அடுக்கி, அதையே மேஜையாக்கிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். கடற்காற்றில் தாள் படபடத்தது. பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு ஜல்லிக் கல்லை வைத்திருந்தார். பத்தடி தள்ளி, பாயால் மூடிய உடல் ஒன்று கிடந்தது. பாய் குட்டை. கால்கள் இரண்டும் வெளியே தெரிந்தன. பாதங்களில் சிமெண்ட் காய்ந்து வெள்ளையாக இருந்தது.

ஆமாம் என்று தலையாட்டினேன். வயிற்றுவலி என்று சொல்லி அப்போதே எழுந்து போயிருந்தால் இந்த வாரம் வேறு எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன்.

சென்ற வாரம் செங்கல்பட்டு பஸ்ஸில் நான் பட்ட பாட்டை எழுதியதற்கு மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. வாத்தியார் சிரிக்கச் சிரிக்க எழுதுகிறார் என்று ஒரு வாசகி பாராட்டியிருக்கிறார். அந்த அம்மாள் இந்த வாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு ஜோசியப் பகுதிக்குப் போய்விடுவது நல்லது.

மேலே அவன், கீழே அவள்

அந்த ஊர் மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவில் இருக்கிறது. பெயரை எழுதப்போவதில்லை. சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள், இந்தப் பத்திரிகையும் அந்தப் பக்கம் போகிறது. எழுபதுகளில் அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் எனக்கு முதல் வேலை. ஊர்க் கிணறுகளில் உப்பு ஏறிவிட்டதால் தண்ணீர் டேங்க் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்பது அடி உயரம். சுற்றிலும் சவுக்குக் கம்பால் சாரம்.

செத்தவன் தனபால். குப்பத்துக்காரன். அந்த வருஷம் கடலில் மீன் படவில்லை என்று வலையை மடித்து வைத்துவிட்டுச் சாரத்தில் ஏறியவன். அவன் மனைவி கன்னியம்மா அதே இடத்தில் சித்தாள். கீழே நின்று கலவையை அள்ளிச் சட்டியில் போடுவாள். அது கயிற்றில் ஏறி அவன் கைக்குப் போகும்.

அன்று காலை பதினொரு மணிக்குத் தனபால் மேலேயிருந்து விழுந்தான். எப்படி விழுந்தான் என்பதற்கு இரண்டு கதைகள் இருந்தன.

மேஸ்திரி சொன்னது இது: "ரெண்டு நாளாவே அவன் மூஞ்சி சரியில்ல சார். வூட்ல சண்டையாம். ஓரமா போய் நின்னுகினு கீழயே பாத்துகினு இருந்தான். வாடான்னு கூப்ட்டேன். குதிச்சிட்டான்."

அப்படியானால் உடலுக்குப் பக்கத்தில் சாரப் பலகை ஒன்று கிடந்ததே? "அது நாங்க அப்பறமா கீழ தள்ளனது. ஆள வெச்சித் தூக்கறதுக்கு."

கன்னியம்மா சொன்னது வேறு. "நான் முதுவக் காட்டிகினு கலவ அள்ளிகினு இருந்தேன் சார். தொம்முனு ஒரு சத்தம். ஒண்ணே ஒண்ணு. திரும்பிப் பாத்தா அவரும் கெடக்கறாரு, பலகையும் கெடக்குது. கட்டு வுட்டுப்போய், நின்ன பலகையோடதான் வந்தாரு. அவரு குதிக்கல."

அவளோடு வேலை செய்த இன்னொரு பெண் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். சாரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் மேஸ்திரி அழைத்து வந்த ஆட்கள். அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. தானாக உயிரை விட்டவனைத் தெரு வழியாகத் தூக்கிப்போக மாட்டார்கள். அவன் வீட்டு வாசலில் இறக்கி வைக்க மாட்டார்கள். கடலோரமாக மணலிலேயே சுற்றிக்கொண்டு போய்ப் புதைத்துவிடுவார்கள். மேளம் கிடையாது. அவன் பெண்டாட்டி பிள்ளைகளைப் பற்றிய பேச்சும் லேசில் ஓயாது. கன்னியம்மாவுக்கு இரண்டு பெண் குழந்தைகள். தனபால் தெரு வழியாக வர வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. நஷ்டஈடு என்ற சொல்லைக்கூட அவள் எடுக்கவில்லை. அதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர் காண்ட்ராக்டர்.

மிதக்கிற சாமான்

இப்படிப்பட்ட சாவுகளில் போலீஸ்காரர்கள் ஊரில் ஐந்து பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சாவுக்குக் காரணம் என்ன என்று அபிப்பிராயம் கேட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். அன்று உட்கார்ந்த ஐவர்: கிராம முன்சீப், எங்கள் தலைமையாசிரியர், குப்பத்துக்குத் தலைவரான நாட்டார், மரவாடி காதர் பாய், நான். காதர் பாயின் மரவாடி மாடியில்தான் நான் குடியிருந்தேன்.

சப்-இன்ஸ்பெக்டர் மோசமான ஆள் இல்லை. கன்னியம்மாவிடம் பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, ஆளும் பலகையும் ஒண்ணா விழுந்திருந்தா, கனமா இருக்கற ஆள் முன்னாடி தரைக்கு வரணும். பலகை லேசு. அது பின்னாடி வரணும். உனக்கு ரெண்டு சத்தம் கேட்டிருக்கணும். நீயே ஒண்ணுதான்னு சொல்றியே. அப்ப ஆள் மட்டும்தானே விழுந்திருக்கான்? நீ அழுதுகிட்டு இருக்கறப்ப பலகை வந்திருக்கும்."

முன்சீப் பலமாகத் தலையாட்டினார். நாட்டாரும் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"கடல்ல தெனம் பாக்கறோமே அய்யா. கல்லப் போட்டா சர்ருனு எறங்குது. பலகயப் போட்டா மெதக்குது. பலக மெதக்கற சாமான். அது எப்டி ஆளோட சேந்து வரும்?"

அவர் பொய் சொல்லவில்லை. தனபால்மேல் அவருக்குப் பகையும் இல்லை. நாற்பது வருஷம் தண்ணீரின் மேல் இருந்தவர், காற்றுக்கும் அதே சட்டத்தைப் போட்டுவிட்டார்.

அவரை நான் குறை சொல்லவும் முடியாது. நம் கண்முன்னே விழுகிறவை எவை? பனம்பழம் ஒன்று, பூவரச இலை ஒன்று. பழம் தொப்பென்று வருகிறது. இலை ஆடி அசைந்து ஒரு வழியாக வந்து சேர்கிறது. கனமானது முந்தும் என்று நினைக்க இது போதும். நானே செங்கல்பட்டில் பள்ளிக்கூடம் முடிக்கிறவரை அப்படித்தான் நினைத்திருந்தேன். பழத்தையும் இலையையும் விட்டுவிட்டு, பழத்தையும் கல்லையும் சேர்த்துப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கன்னியம்மா அழுகையை நிறுத்திவிட்டு நாட்டாரைப் பார்த்துத் திரும்பினாள்.

"மாமா, நாங்க கீழ நிக்கறவங்க. மேலருந்து தெனம் இன்னாவாச்சும் வுழும். செங்கல்லு வுழும், கரண்டி வுழும், ஆணி வுழும். 'கீழே'ன்னு மேலருந்து கத்துவாங்க. ஒண்ணுன்னு எண்ணி ரெண்டு எண்றதுக்குள்ள செவுத்தோரம் ஒட்டிக்கணும். ஆணிதானேன்னு மெதுவா போனா மண்ட ஒடஞ்சிடும். செங்கல்லுக்கும் அதே ரெண்டுதான், ஆணிக்கும் அதே ரெண்டுதான்."

மூன்று வருஷம் பி.எஸ்ஸி. படித்து நான் தெரிந்துகொண்டதை அவள் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. சத்தியமாகச் சிலிர்த்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

காதர் பாய்தான் திறந்தார். "இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? மேல ஏறி ஒரு மூட்டையும் ஒரு பலகையும் சேத்துத் தள்ளிப் பாத்தா தெரிஞ்சிடப்போவுது. அஞ்சு நிமிசம்."

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு உடலை எடுத்துப்போக வேன் வந்து நின்றிருந்தது. டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தான். சப்-இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அதெல்லாம் எதுக்கு பாய்? அதான் சயின்ஸ் வாத்தியாரே இருக்காரே." அப்புறம்தான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பத்து மார்க் விடை

"கனமான பொருளும் லேசான பொருளும் ஒரே உயரத்துல இருந்து விழுந்தா ஒரே நேரத்துல தரைக்கு வருமா சார்?"

பரீட்சையில் கேட்கிற கேள்வி. வருஷா வருஷம் நான் திருத்துகிற விடை. என் வாயும் பழக்கதோஷத்தில் முதல் வரியிலிருந்தே ஆரம்பித்தது.

"வெற்றிடத்துல எல்லாப் பொருளும் ஒரே முடுக்கத்தோட விழும்."

"வெற்றிடம்னா?"

"காத்தே இல்லாத இடம்."

"இங்க காத்து இருக்கே சார்." அவர் தாளைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டார். அவ்வளவு காற்று.

"இருக்கு. காத்து இருந்தா, லேசான பொருள் கொஞ்சம் தாமதமாகலாம்."

"தாமதமாகலாம்" என்று அவர் எழுதிக்கொண்டார்.

நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் தாமதமாகும் என்பது இறகுக்கு, காகிதத்துக்கு, இலைக்கு. இரண்டு அங்குலத் தடிப்பில் ஒரு சாரப் பலகை நாற்பது அடி விழுவதற்குள் காற்று அதை நிறுத்திவைக்கிற நேரம் கண் சிமிட்டுவதற்குக்கூடக் காணாது. காதுக்கு அது ஒரே சத்தம்தான். இந்த அடுத்த வரி எனக்குத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது.

அப்போது காண்ட்ராக்டர் என்னைப் பார்த்தார். மிரட்டலாக இல்லை, சாதாரணமாகத்தான் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் தலைமையாசிரியரும் என்னைப் பார்த்தார்.

இங்கே ஒரு பழைய சங்கதியைச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் மூன்றடி நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்று இருந்தது. உள்ளே ஒரு காலணா, ஒரு கோழி இறகு. காற்றை உறிஞ்சிவிட்டுக் குழாயைக் கவிழ்த்தால் காசும் இறகும் சேர்ந்து விழ வேண்டும். உறிஞ்சுவதற்குப் பம்பு இல்லை. ஆகவே நான் வருஷா வருஷம் குழாயைக் கவிழ்ப்பேன். காசு டக்கென்று விழும், இறகு மிதந்து மிதந்து இறங்கும். "பம்பு இருந்தால் இரண்டும் சேர்ந்து விழும்" என்று வாயால் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் நம்பியிருப்பார்கள்.

அந்த வருஷம் காண்ட்ராக்டர் எங்கள் பள்ளிக்கு ஒரு சோதனைச்சாலை அறையும், அதற்கு ஒரு பம்பும் தருவதாகச் சொல்லியிருந்தார். பம்பு வேண்டும் என்று கேட்டவன் நான்.

எவ்வளவு நேரம் சும்மா இருந்தேன் என்று தெரியாது. ஒன்று, இரண்டு எண்ணியிருக்கலாம். அதற்குள் சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார். தாள் கைமாறி என் பக்கம் வந்தது. தானாகவே குதித்து இறந்ததாக அபிப்பிராயப்படுகிறோம் என்று எழுதியிருந்தது. முன்சீப்பும் தலைமையாசிரியரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நாட்டாரின் கைநாட்டு ஈரமாக இருந்தது. நான் போட்டேன். காதர் பாய் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நீயே சொல்லிட்ட. நான் இன்னா படிச்சவனா?" என்று முனகிக்கொண்டு அவரும் போட்டார்.

கன்னியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று யாரையும் கேட்கவும் இல்லை. வேன் கதவைச் சாத்தும்போது அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் உடல் திரும்பி வந்தது. குப்பத்துத் தெருமுனையில் கன்னியம்மா இரண்டு குழந்தைகளோடு வழியை மறித்து நின்றாளாம். கையைப் பிடித்து ஓரமாக நகர்த்திவிட்டு, நான்கு பேர் கடலோரமாகவே தூக்கிப்போனார்கள். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அலை அவர்கள் முழங்காலில் அடித்தது. ஒருவன் தடுமாறி நின்று மறுபடி நடந்தான்.

பம்பு வந்தது

தை மாதம் சோதனைச்சாலைக்கு மின்விசிறி வந்தது, மேஜை வந்தது, பம்பும் வந்தது. பச்சைப் பெயிண்ட் அடித்த அழகான பம்பு. திறப்பு விழாவில் காண்ட்ராக்டருக்கு மாலை போட்டோம். விழாவின் கடைசி நிகழ்ச்சி என் குழாய்.

காற்றை உறிஞ்சி, குழாயின் திருகை மூடி, எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் கவிழ்த்தேன். காசும் கோழி இறகும் ஒன்றையொன்று முந்தாமல் நேர்கோடாக இறங்கின. 'டிக்' என்று ஒரு சத்தம். கூடம் முழுக்கக் கைதட்டல். காண்ட்ராக்டரும் தட்டினார், ரசித்துத்தான் தட்டினார்.

 குழாயைக் கீழே வைத்துவிட்டு, புழுக்கம் தாங்கவில்லை என்று சொல்லி வெளியே வந்தேன். 

அன்று மாலையே காதர் பாயிடம் போய் ஒரு சாரப் பலகை வேண்டும் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "மூட்டையும் வேணுமே, இன்னா பண்ணப்போற?" என்றார்.

கன்னியம்மாவைத் தேடிக் குப்பத்துக்குப் போனேன். வீட்டுக்கு வெளியே மணலில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தாள். சித்தாள் வேலைக்கு அப்புறம் அவள் போகவில்லை. நான் சொல்ல வந்ததைத் திக்கித் திணறிச் சொன்னேன். கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"இப்ப எதுக்கு சார்?"

 தெரியவில்லை என்றே சொன்னேன். மிச்சக் கருவாட்டையும் திருப்பிப் போட்டுவிட்டு, "நாளிக்கு வரேன்" என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பாய் தொழுகை முடித்துவிட்டு வந்தார். டேங்க் கட்டி முடித்துச் சாரமெல்லாம் பிரித்தாகிவிட்டது. வெளியே இரும்பு ஏணி மட்டும் இருந்தது. அவரும் நானும் ஏறி, கயிறு கட்டிப் பலகையை இழுத்தோம். அப்புறம் முக்கால் மூட்டை மணலை இழுத்தோம். எனக்கு உள்ளங்கை உரிந்துவிட்டது. மேலேயிருந்து பார்த்தால் சதுரங்கப்பட்டினம் பக்கம் வரைக்கும் கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. காற்று காதை அடைத்தது.

கீழே கன்னியம்மா வந்து நின்றாள். எங்கே நிற்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. கலவை போட்ட இடத்தில் தரை இன்னும் வெள்ளையாக இருந்தது. அங்கே போய், டேங்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து நின்றாள்.

மூட்டையைப் பாயும் பலகையை நானும் விளிம்புக்குக் கொண்டுவந்தோம். "கீழே" என்று பாய் கத்தினார். இருவரும் ஒன்றாகத் தள்ளினோம்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்று என்று எண்ணி, இரண்டை எண்ணி முடிக்கவில்லை.

"எத்தினிம்மா?" என்று பாய் மேலேயிருந்து கேட்டார்.

அவள் திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடியே வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு விரலைக் காட்டினாள். வெகு நேரம் அந்தக் கையை இறக்கவில்லை.

தெரு வழியாக

நாங்கள் இறங்கி வந்தபோது மூட்டை வெடித்து மணல் சிதறியிருந்தது. பலகை ஒரு முனை பிளந்து அதன் மேலேயே கிடந்தது. கன்னியம்மா பக்கத்தில் உட்கார்ந்து மணலைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"சார், அன்னிக்கி அடிச்ச காத்துதான இன்னிக்கும் அடிக்குது?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"காத்து இருக்குதுன்னு சொன்னியே."

பாய் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். என்னை அவள் திட்டியிருந்தால் தேவலை. மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூடச் சரி என்று நின்றிருப்பேன். அவள் கேட்டதோடு விட்டுவிட்டாள்.

தாள் எப்போதோ செங்கல்பட்டுக்குப் போய்விட்டது. அதை யாரும் திருப்பி எழுதப்போவதில்லை. பிற்பாடு நான் இரண்டு மனுக்கள் எழுதிப் போட்டேன், பதில் வரவில்லை. தனபால் மணலுக்குள் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது.

"இந்தப் பலகய நான் எடுத்துக்கவா பாய்?" என்றாள்.

"எடுத்துகினு போம்மா."

முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் தூக்கி அவள் தலையில் ஏற்றிவிட்டோம். டேங்கிலிருந்து குப்பத்துக்குப் போக இரண்டு வழி. கடலோரமாகப் போனால் கிட்டம். தெரு வழியாகப் போனால் சுற்று. பாரத்தோடு இருக்கிறவள் கிட்டத்தில்தான் போவாள் என்று நினைத்தேன். அவள் தெருப் பக்கம் திரும்பினாள்.

பாயும் நானும் பின்னால் போனோம். தெருவின் நடுவில், ஓரமாக ஒதுங்காமல், மெதுவாக நடந்தாள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். பெண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். நாட்டார் தன் வீட்டு முன்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவள் நெருங்கியதும் எழுந்து, தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. கன்னியம்மா அவரைத் தாண்டிப் போய், தன் வீட்டு வாசலில் பலகையை இறக்கி வைத்தாள்.

யாராவது கேட்டால் சொல்ல வேண்டும் என்று ஒரு வரியை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே வந்திருந்தேன். ஆளும் பலகையும் சேர்ந்துதான் விழுந்தன, எனக்கு அன்றைக்கே தெரியும் என்று. வெற்றிடம், முடுக்கம் எதுவும் இல்லாமல், எல்லோருக்கும் புரிகிற மாதிரி தயாராக வைத்திருந்தேன். இருட்டுகிறவரை அந்த வாசலிலேயே நின்றேன்.

ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.